158-ஆம் எண் கார்டைத் தேடி

வியாழன், நியூயார்க்

மோ பெர்க் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அவரை ஓர் உளவாளியாகத்தான் அறிவார்கள். நான் தேடி வந்திருப்பது பேஸ்பால் கேட்ச்சர் மோ பெர்க்கை. 1923-க்கும் 1939-க்கும் இடையில் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் 15 பருவங்கள் ஆடினார். மொத்தம் 663 ஆட்டங்கள், பேட்டிங் சராசரி .243, ஆறே ஆறு ஹோம் ரன்கள். நம் கிரிக்கெட் கணக்கில் சொன்னால், அணியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும் இரண்டாவது விக்கெட் கீப்பர். இப்படிப்பட்டவருக்கும் ஆட்டக்காரர் படம் போட்ட கார்டு அச்சிட்டார்களா என்று கேட்கலாம். அச்சிட்டார்கள். அந்தக் காலத்தில் சூயிங்கத்தோடு வந்த கார்டுகளில் மூன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன் (கவுடி, ப்ளே பால் என்பவை கார்டு வரிசைகளின் பெயர்கள்): 1933 கவுடி, எண் 158, 1939 ப்ளே பால், எண் 103, 1940 ப்ளே பால், எண் 30. பின்னிரண்டும் என்னிடம் இருக்கின்றன. கவுடி மட்டும் இல்லை.

நான் இருப்பது டெக்சஸில். பெர்க் பிறந்தது, படித்தது, இறந்தது எல்லாம் இந்த வடகிழக்கு மூலையில். சனிக்கிழமை நியூ ஜெர்சியில் ஒரு கார்டு சந்தை நடக்கிறது. அதைச் சாக்காக வைத்து அவருடைய ஊர்களையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். தினமும் இரவில் கொஞ்சம் எழுதிப் போடுகிறேன்.

விமானத்திலிருந்து இறங்கி நேராகப் போனது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு. ரெம்பிராண்ட் ஓவியங்கள் தொங்கும் இடத்தில் பேஸ்பால் கார்டுக்கு என்ன வேலை என்றால், அதற்குக் காரணம் ஜெஃபர்சன் பர்டிக் என்ற மனிதர். சிரக்யூஸ் நகரத்தில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது மூன்று லட்சத்துக்கும் அதிகமான அச்சுத் தாள்கள்: வாழ்த்து அட்டை, விளம்பர அட்டை, சிகரெட் அட்டை. அவற்றில் 30,000-க்கும் மேல் பேஸ்பால் கார்டுகள். 1940-களின் பிற்பகுதியிலிருந்து அவற்றை இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார். கடைசி வருடங்களில் மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையில், இங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரி 10 அன்று வேலையை முடித்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதங்களில் இறந்துபோனார். அவர் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பார்கள்.

இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் பேசும் மொழி பர்டிக் உண்டாக்கியதுதான். அவர் தொகுத்த பட்டியலில் இருபதாம் நூற்றாண்டில் சிகரெட்டோடு வந்தவற்றுக்கு டி, அண்மைக்கால சூயிங்கம், மிட்டாய் வகைகளுக்கு ஆர் என்று எழுத்து கொடுத்து எண் போட்டார். நூறு வருடப் பழமையான சிகரெட் கார்டுகளை டி206 என்று சொல்வது அதனால்தான். நான் தேடும் 1933 கவுடி அந்தக் கணக்கில் ஆர்319.

இங்கே சுழற்சி முறையில் சில கார்டுகளை மட்டும்தான் சுவரில் வைக்கிறார்கள். இன்று பெர்க் இல்லை. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை, ஏனென்றால் பர்டிக்கின் வேலையில் என் மனம் ஒப்பாத ஒரு விஷயம் உண்டு. அவர் கார்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். பின்பக்கம் பார்க்க முடியாது. என்னைப் போன்றவர்களுக்குப் பின்பக்கம்தான் கார்டே. முன்பக்கத்தில் ஒரு முகம். பின்பக்கத்தில்தான் அந்த மனிதரைப் பற்றி அன்றைய உலகத்துக்கு என்ன தெரிந்திருந்தது என்பது இருக்கும். எத்தனை அடி உயரம், எந்தக் கையால் அடிப்பார், எந்த ஊரில் பிறந்தார், போன வருடம் எப்படி ஆடினார். இதைத் தாண்டி ஒரு சூயிங்கம் கம்பெனிக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. பெர்க் விஷயத்தில் அந்தத் தெரியாமைதான் எனக்கு வேண்டியது.

வெள்ளி, நியூவார்க், பெல்வில், பிரின்ஸ்டன்

அக்கா மகன் நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருக்கிறான். காலையில் கார் எடுத்து வந்தான். "எங்கே மாமா முதல்ல?" என்றான். நியூவார்க் என்றேன். அவன் எதிர்பார்த்தது இதுவல்ல போலிருக்கிறது, ஆனால் பிராஞ்ச் புரூக் பூங்காவுக்குள் வண்டி நுழைந்ததும் பேச்சே இல்லை. ஏப்ரல் மாதம், செர்ரி மரங்கள் பூத்துக் கிடந்தன. ஐயாயிரத்துக்கும் மேல் மரங்கள் இருக்கின்றன என்கிறார்கள். புகைப்படம் எடுக்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் நம் ஊர் முகங்கள், பட்டுப்புடவை சகிதம்.

பூங்காவை ஒட்டியே பெரிய தேவாலயம், அதன் பக்கத்தில் பாரிஞ்ஜர் உயர்நிலைப் பள்ளி. 1902-இல் நியூயார்க்கில் பிறந்த பெர்க்கின் குடும்பம் அவர் சிறுவனாக இருக்கும்போதே நியூவார்க்குக்கு வந்துவிட்டது. அப்பா பெர்னார்ட், உக்ரைனிலிருந்து வந்த யூதர், ரோஸ்வில் பகுதியில் மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தப் பகுதியில் யூதர்கள் அதிகம் இல்லை. ஏழு வயதில் பெர்க் ஒரு மெத்தடிஸ்ட் தேவாலயத்தின் பேஸ்பால் அணியில் ஆடினார், ரண்ட் வுல்ஃப் என்ற பொய்ப் பெயரில். பிற்காலத்தில் என்னவாகப் போகிறார் என்பதற்கு இதை முன்னறிவிப்பாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் தெரிவது ஆடியே ஆகவேண்டும் என்று துடித்த ஒரு பையன். அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கடைசி வரை பேஸ்பால் பிடிக்கவில்லை. படித்த பிள்ளை இப்படி மட்டையும் பந்துமாகத் திரிகிறானே என்று வருத்தம். மகன் ஆடிய மேஜர் லீக் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் போய்ப் பார்க்கவில்லை. இதை நான் விளக்கத் தேவையில்லை, நம் வீடுகளில் எத்தனை அப்பாக்கள் இப்படி.

பூங்கா வடக்கே பெல்வில் வரை நீள்கிறது. பெர்க் கடைசிக் காலத்தில் அக்கா எத்தலின் வீட்டில் இருந்தது அங்கேதான். 1972 மே 29 அன்று அந்த ஊர் மருத்துவமனையில் இறந்தார். அன்றைக்கு நியூயார்க்கின் மெட்ஸ் பேஸ்பால் அணி என்ன ஆயிற்று என்று நர்ஸிடம் கேட்டதுதான் அவருடைய கடைசிப் பேச்சு என்பார்கள். பெர்க்குக்குச் செய்தித்தாள் பைத்தியம் உண்டு. தினம் கட்டுக்கட்டாக வாங்குவார். தான் படித்து முடிக்காத தாளை வேறு யாராவது தொட்டுவிட்டால் அந்தத் தாள் செத்துவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கி வருவார்.

மதியத்துக்கு மேல் பிரின்ஸ்டன். பெர்க் இங்கே படித்தது நவீன மொழிகள். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், ஜெர்மன், இவற்றோடு சமஸ்கிருதமும் படித்தார். 1923-இல் பட்டம். அப்போது அவர் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர். எதிரணிக்குப் புரியக் கூடாது என்பதற்காக அவரும் இரண்டாம் பேஸ்காரரும் களத்தில் லத்தீனில் பேசிக்கொள்வார்களாம். அந்த வருடம் அணி தொடர்ச்சியாக 18 ஆட்டங்கள் வென்றது. கடைசி ஆட்டம் யேல் அணியோடு, அந்த வருடம்தான் திறந்திருந்த யாங்கி ஸ்டேடியத்தில். அது முடிந்த கையோடு மேஜர் லீக் அணியான புரூக்ளின் ராபின்ஸ் அவரை எடுத்துக்கொண்டது.

பிராஸ்பெக்ட் அவென்யூவில் மாணவர்கள் கூடிச் சாப்பிடும் கிளப்புகள் வரிசையாக மாளிகைகள் போல நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பெர்க்கைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது, வேறு யூதர்களைக் கூட்டி வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் மறுத்துவிட்டார். அந்தத் தெருவில் நடக்கும்போது அக்கா மகன் கேட்டான்: "அப்புறம் ஏன் மாமா இவர் பேராசிரியர் ஆகாமல் பேஸ்பால் ஆடப் போனார்?" அதுதான் கேள்வி. கொலம்பியாவில் சட்டமும் படித்து முடித்தார். பெரிய நியூயார்க் நிறுவனத்தில் வக்கீல் வேலையும் கிடைத்தது. ஆனால் கோடை வந்தால் மைதானத்துக்குப் போய்விடுவார். அந்த ஆட்டத்தின் மேல் இருந்த பிரியம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சனி, நியூ ஜெர்சி, கார்டு சந்தை

நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஓட்டலின் கல்யாண மண்டபம் மாதிரியான அரங்கம். உள்ளே நீள நீளமாக மேசைகள். முக்கால்வாசி மேசைகளில் புதுக் கார்டுகள், பளபளப்பு, இளைஞர் கூட்டம், ஃபோனில் விலை பார்த்துக்கொண்டே வியாபாரம். பழைய கார்டுக்காரர்கள் கடைசி வரிசையில் இருப்பார்கள். நேராக அங்கே போனேன்.

கவுடி பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கவுடி கம் கம்பெனி பாஸ்டனில் இருந்தது. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த 1933-இல், ஒரு சென்ட்டுக்கு ஒரு பாக்கெட் சூயிங்கம், உள்ளே ஒரு கார்டு என்று விற்றார்கள். கெட்டி அட்டை, கண்ணைப் பறிக்கும் வண்ணப் பின்னணி, புகைப்படத்தைப் பார்த்து வரைந்த சித்திரம். பின்பக்கம் பச்சை மையில் குறிப்பு. இது 240 நட்சத்திரங்கள் கொண்ட வரிசையில் ஒன்று என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் 106-ஆம் எண்ணை அந்த வருடம் வெளியிடவே இல்லை. அந்த ஒன்றைத் தேடிப் பிள்ளைகள் கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் அடுத்த வருடம் தபாலில் அனுப்பினார்கள், நாப் லாஜொய் என்ற பழைய ஆட்டக்காரரின் கார்டு. இன்று அது பெரும் விலைக்குப் போகிறது. அன்றைய மாபெரும் நட்சத்திரம் பேப் ரூத்துக்கு அந்த வரிசையில் நான்கு கார்டுகள்: 53, 144, 149, 181. பெர்க்குக்கு ஒன்று, 158. இந்த விகிதம் எனக்குப் பிடிக்கும். காசு கொடுத்த ஒரு பையன் ரூத் கிடைக்கும் என்று உறையைக் கிழித்து, பெர்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பான்.

மேசை மேசையாகப் பெர்க் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். கேட்ட உடனே எல்லோரும் அந்தக் கதையைத்தான் எடுக்கிறார்கள். 1934-இல் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் எல்லாம் போன ஜப்பான் பயணத்தில் பெர்க்கும் போனார். ஒருநாள் ஆட்டத்துக்குப் போகாமல், அமெரிக்கத் தூதரின் மகள் குழந்தை பெற்றிருக்கிறாள், பார்க்க வந்தேன் என்று டோக்கியோ செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்குள் நுழைந்து, அவளைப் பார்க்காமலே மாடிக்கு ஏறி, 16 எம்எம் கேமராவில் நகரத்தையும் துறைமுகத்தையும் படம் பிடித்தார். இது நடந்ததுதான். ஆனால் 1942-இல் டோக்கியோ மேல் குண்டு போட்டதற்கு அந்தப் படம்தான் வழிகாட்டியது என்று இரண்டு டீலர்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. இந்த மாதிரி ஒட்டுச் சேர்க்கைகளால்தான் கார்டின் விலை ஏறுகிறது. அதே வரிசையில், அதே தேய்மானத்தில் உள்ள வேறொரு சாதாரண ஆட்டக்காரரைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும் பெர்க்குக்கு. சிஐஏ தலைமையகத்தில் அவர் கார்டு காட்சிக்கு இருக்கிறது என்பது வேறு சேர்ந்துகொண்டது. உளவாளிக்குக் கொடுக்கும் விலையை நான் கேட்ச்சருக்காகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசிக்கு முந்தைய மேசையில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் ஒரு ஷூ பெட்டியில் எண் வரிசையாகக் கவுடிகளை நிறுத்தி வைத்திருந்தார். "158 இருக்கும், பாருங்கள்" என்றார். கதை ஏதும் சொல்லவில்லை. இருந்தது.

மூலைகள் நான்கும் மழுங்கிப் போயிருக்கின்றன. இடது மேல் மூலையிலிருந்து குறுக்கே ஒரு மடிப்பு, ஆனால் முகத்தைத் தொடவில்லை. பின்பக்கம் சுத்தம். ஆல்பத்தில் ஒட்டிய தடம் இல்லை, காகிதம் உரியவில்லை, எழுத்து முழுவதும் படிக்க முடிகிறது. பெரியவரிடம் சொல்லிவிட்டு என் சாமான்களை எடுத்தேன். முதலில் அளவு. கவுடி கார்டு 2⅜ அங்குல அகலம், 2⅞ அங்குல உயரம் இருக்க வேண்டும். மழுங்கின மூலையைக் கூராக்குவதற்காக ஓரத்தை வெட்டியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். சரியாக இருந்தது. அடுத்து பூதக்கண்ணாடி. மறுபதிப்பு என்றால் எழுத்துகளே புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும், ஒரிஜினலில் எழுத்து ஒரே கட்டியான மை. அதுவும் சரி. கடைசியாக மேசைத் துணிக்குள் கையை மறைத்து புற ஊதா டார்ச். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால்தான் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் கலக்க ஆரம்பித்தார்கள். அதனால் பின்னாளைய காகிதம் டார்ச் வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். 1933 காகிதம் மங்கலாகவே கிடக்க வேண்டும். கிடந்தது.

பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பெர்க்?" என்று கேட்டார். "1931-இலிருந்து 1934 வரை 117 ஆட்டங்கள் ஒரு பிழைகூட செய்யாமல் கேட்ச்சராக நின்றார்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உளவுக் கதைக்காகத்தான் எல்லோரும் கேட்பார்கள், இதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்றார். அதற்கப்புறம் அவரே விலையைக் குறைத்தார். இருந்தாலும் பெரிய தொகைதான். கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பப் போகிறீர்களா என்று கேட்டார். இல்லை. ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் கட்டியில் அடைத்துத் தருவார்கள். விற்பவர்களுக்கு அது உபயோகம். மடிப்பு உள்ள கார்டுக்கு என்ன மதிப்பெண் வரும் என்று எனக்கே தெரியும், எனக்கு அதை நினைத்தபோது திருப்பிப் பார்க்க வேண்டும்.

1933-இல் பெர்க்கின் அணியான வாஷிங்டன் செனட்டர்ஸ், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகை வென்றது. இறுதிப் போட்டியான உலகத் தொடரில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றது. ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட பெர்க் இறங்கவில்லை. அந்த வருடத்துக் கார்டு இது.

ஞாயிறு, கூப்பர்ஸ்டவுன்

நான்கு மணி நேரப் பயணம். வடக்கே போகப் போக செர்ரிப் பூவெல்லாம் மறைந்து, மரங்கள் இன்னும் மொட்டையாக நின்றன. ஊர் சின்னது, ஏரிக்கரையில் ஒரே ஒரு கடைத்தெரு, கடைக்குக் கடை பேஸ்பால். சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகமான பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் 1939 ஜூனில் இங்கே திறக்கப்பட்டது.

வெண்கலத் தகடுகள் பதித்த மண்டபத்தில் பெர்க்கைத் தேடினால் கிடைக்கமாட்டார், அந்தத் தகுதி அவருக்கு வரவில்லை. ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். வாஷிங்டனில் மேலாளராக இருந்த வால்ட்டர் ஜான்சன், அவருக்குப் பின் வந்த ஜோ குரோனின், பாஸ்டனில் கூட ஆடிய லெஃப்டி குரோவ், ஃபாக்ஸ், டெட் வில்லியம்ஸ். ஒவ்வொரு தகடாக நின்று பார்த்துக்கொண்டே வந்தேன். 1935 முதல் 1939 வரை பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸில் பெர்க் எந்தப் பருவத்திலும் 50 ஆட்டங்களைத் தொடவில்லை. மற்ற நாளெல்லாம் பவுலிங் பயிற்சி நடக்கும் மூலையில் உட்கார்ந்து இளம் பிட்ச்சர்களின் பந்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கே வெண்கலத்தில் இருப்பவர்கள் வெல்வதற்கு இப்படி ஒருவர் வேண்டியிருந்தது.

மாடியில் கார்டுகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. இழுப்பறைகளை இழுத்துப் பார்க்கலாம். 1939 ப்ளே பால் பற்றி அங்கே நின்று நெடுநேரம் அக்கா மகனிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஃபிலடெல்ஃபியாவின் கம் இன்க் வெளியிட்டது. கவுடி மாதிரி சித்திரம் கிடையாது, நிஜமான கறுப்பு வெள்ளைப் புகைப்படம். முன்பக்கத்தில் ஆட்டக்காரரின் பெயர்கூட இருக்காது. யார் என்று தெரிய வேண்டுமானால் திருப்பத்தான் வேண்டும். எண் 92 டெட் வில்லியம்ஸ், அவருடைய முதல் கார்டு. பதினொன்று தள்ளி, 103, பெர்க். ஒருவர் அந்த வருடம்தான் தொடங்குகிறார், மற்றவர் முடிக்கிறார். அடுத்த வருடத்து ப்ளே பாலில் முன்பக்கத்தில் பெயர்ப்பலகையும் அதன் இருபுறம் மட்டை, கையுறை என்று அலங்காரமும் வந்துவிட்டது. பெர்க் அப்போது ஆட்டக்காரரே இல்லை, பயிற்சியாளர். ஆனாலும் 30-ஆம் எண் அவருக்குக் கொடுத்தார்கள். மூன்றிலும் எனக்குப் பிடித்தது 1939 தான். வண்ணம், அலங்காரம் எதுவும் இல்லாமல், மனிதர் மட்டும்.

அவர் கடைசியாக மேஜர் லீகில் ஆடியது 1939 செப்டம்பர் 1. அன்றைக்குத்தான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. 1941-க்குப் பின் போரினால் ரப்பரும் காகிதமும் தட்டுப்பாடாகி கார்டுகளும் நின்றுவிட்டன. 1943-இல் பெர்க் ஓஎஸ்எஸ் என்ற உளவு அமைப்பில் சேர்ந்தார். 1944 டிசம்பரில் சூரிச்சில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பெர்க் பேசிய அரங்கில் சட்டைக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டது என்று தோன்றினால் சுட வேண்டும். தோன்றவில்லை, சுடவில்லை. போர் முடிந்ததும் மெடல் ஆஃப் ஃப்ரீடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். அவர் இறந்த பிறகு அக்கா அதைப் பெற்று இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

உளவுத் துறைக்குக் கொடுக்காமல் பேஸ்பாலுக்குக் கொடுத்தார் என்பதை நினைத்து எனக்கு அந்த அம்மாள் மேல் பெரிய மரியாதை. எத்தல் பெர்க்குக்குத் தம்பியைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

கடைத்தெருவில் நான்கைந்து கார்டுக் கடைகள் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் 1933 கவுடி மறுபதிப்பை ஒரிஜினல் விலைக்கு அருகில் வைத்திருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டோம். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: டார்ச்சும் அளவுகோலும் இல்லாமல் போருக்கு முந்தைய கார்டு வாங்காதீர்கள்.

திங்கள், விமான நிலையம்

மூன்று கார்டுகளையும் தனித்தனி உறையில் போட்டு, கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கைப்பையில் எடுத்துப் போகிறேன். பெட்டியில் போட மனம் வரவில்லை.

அக்கா மகன் வழியனுப்பும்போது, "இனிமே என்ன மாமா தேடுவீங்க?" என்றான். இருக்கிறது. 1939 ப்ளே பாலில் முதல் 115 எண்களுக்கு, பின்பக்கத்தில் சிவப்பு மையில் மாதிரி கார்டு என்று முத்திரை அடித்த பிரதிகள் உண்டு. 103 அதற்குள் வருகிறது. சனிக்கிழமை பெரியவரிடம் அதைப் பற்றிச் சொல்லி, என் ஃபோன் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கண்ணில் பட்டால் கூப்பிடுகிறேன் என்றார்.